கழுத்துக் கருமையைத் தேய்க்காதீர்கள், இடுப்பை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பகுதிகளிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் சலிக்காமல் வந்துகொண்டே இருக்கும் குறிப்பு ஒன்று உண்டு. "கழுத்துக் கருமை நீங்க, எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டுப் பத்து நிமிடம் அழுத்தித் தேய்க்கவும்." எலுமிச்சை இல்லையென்றால் ஆப்பச் சோடா, அதுவும் இல்லையென்றால் பற்பசை. இதைப் படித்துவிட்டுத் தோல் உரியத் தேய்த்துக்கொண்டு மருத்துவர்களாகிய எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு, முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை. கழுத்துக்கு அப்புறம் வரலாம். அதை விளக்கவே இந்தக் கடிதம்.

பின்கழுத்தில் விரலை வைத்து மெல்ல வருடிப் பாருங்கள். வெயிலில் கறுத்த தோல் தொடுவதற்கு வழவழப்பாகவே இருக்கும். நாங்கள் சொல்லும் கருமை அப்படி இருக்காது. வெல்வெட் துணியைத் தொடுவதுபோல் தடித்திருக்கும். கழுத்தின் மடிப்புக் கோடுகள் ஆழமாகி, ஓரம் எது என்று சொல்ல முடியாதபடி கருமை மெல்ல மெல்லப் பக்கத்துத் தோலில் கரையும். சுற்றிலும் மிளகளவு, கடுகளவு மருக்கள் தொங்கும். அக்குள், தொடை இடுக்கு, முழங்கை, விரல் மூட்டுகளின் மேல்புறம் ஆகிய இடங்களிலும் இதே தடிப்பைக் காணலாம். மருத்துவத்தில் இதற்கு அகந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். நம் ஊரில் பெரும்பாலும் "கழுத்தில் அழுக்கு" என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்தான் பாதித் துன்பத்துக்குக் காரணம்.

அழுக்கா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். ஊசி போடும்போது தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, ஓர் இடத்தில் மட்டும் நாலைந்து முறை துடையுங்கள். சோப்புக்கு அசையாத ஒருவகை அழுக்குப் படலம் சிலருக்கு உண்டு, குழந்தைகளுக்குக் கூடுதலாக. அது என்றால் பஞ்சு பழுப்பாகி, அடியில் நல்ல தோல் பளிச்சென்று தெரியும். பஞ்சு வெள்ளையாகவே இருந்து கருமையும் அப்படியே நின்றால், எந்தச் சோப்பும் எந்த நாரும் அதை எடுக்காது. தேய்த்த இடம் புண்ணாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், எரியும்.

ஏன் இப்படி ஆகிறது? உடல் எடை கூடி, குறிப்பாக வயிற்றில் கொழுப்பு சேரும்போது, தசையும் கல்லீரலும், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனான இன்சுலின் சொல்வதைக் கேட்க மறுக்கின்றன. கணையம் விட்டுக்கொடுக்காமல் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. இந்தக் கட்டத்தில் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்தால் பல ஆண்டுகள்கூடச் சரியாகவே காட்டலாம். ஆனால் மிகையான இன்சுலின் சும்மா இருப்பதில்லை. தோல் செல்களில், வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு பொருளுக்கென்று இருக்கும் ஏற்பிகளில், அதாவது சேதி வாங்கும் வாசல்களில், போய் ஒட்டிக்கொண்டு அவற்றைத் தூண்டிவிடுகிறது. செல்கள் பெருகுகின்றன, மேல்தோல் தடித்து மடிந்து கறுப்பாகத் தெரிகிறது. மருக்கள் முளைப்பதற்கும் இதே தூண்டுதல்தான் பெரும்பாலும் காரணம். கணையம் களைத்துப்போய்ச் சர்க்கரை ஏறத் தொடங்குவதற்கு வெகு முன்பே தோல் சேதி சொல்லிவிடுகிறது. செலவில்லாமல், ஊசி குத்தாமல் கிடைக்கும் சேதி இது. அதை அழித்துவிடத்தான் எலுமிச்சையை எடுக்கிறோம்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. அதற்கு முந்தைய நிலையில், அதாவது மக்கள் "பார்டரில் இருக்கிறது" என்று சொல்லும் நிலையில், இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி. பார்டரில் இருப்பவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் நிலை தெரியாது. அவர்களில் பலர் கழுத்தில் அடையாளத்தைச் சுமந்துகொண்டு அழகு நிலையத்தில் பிளீச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

தேய்ப்பதால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். உராய்வே தோலைத் தடிக்க வைக்கும். மண்வெட்டி பிடிக்கும் உள்ளங்கை காய்த்துப்போவதுபோல்தான். நைலான் நார், பீர்க்கங்காய்க் கூடு, குளியலறைக் கல் கொண்டு தினமும் தேய்ப்பவர்களுக்குக் கழுத்தெலும்பின் மேலும் முதுகிலும் முன்னங்காலிலும் தனியாக ஒரு கருமை படர்வதைப் பார்க்கிறோம். அது தேய்ப்பதால் மட்டுமே வருவது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் வந்து ஆறிய இடம் முன்பைவிடக் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். ஆப்பச் சோடா காரத்தன்மை உள்ளது. தோலின் மேற்பரப்போ இயல்பாகவே லேசான அமிலத்தன்மையுடன் இருந்துதான் கிருமிகளைத் தடுத்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சோடா அந்தக் காவலைக் குலைக்கிறது.

இதெல்லாம் பலிக்காதபோது மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். அங்கேதான் பெரிய ஆபத்து. வெளுக்க வைக்கும் என்று கேட்டு வாங்கும் பல களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் இரண்டு வாரம் நிறம் குறைவதுபோல் தோன்றும். பிறகு தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும். முகத்தில் பூசினால் பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் தீயாய் எரியும் என்பதால் மீண்டும் அதையே பூசுவார்கள். டியூபின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், மருத்துவர் எழுதித் தந்தாலொழியக் கழுத்திலும் முகத்திலும் தொடவே தொடாதீர்கள். தயாரிப்பாளர் முகவரியே இல்லாத டப்பாக்களில் விற்கும் சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023ல் வெளிச்சத்துக்கு வந்தது. பூசியது தோலில், கெட்டது சிறுநீரகம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். முதலில் ஓர் இஞ்சி டேப். காலையில் வெறும் வயிற்றில் நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, டேப் தோலை அழுத்தவும் கூடாது. பேன்ட் அளவு 34 என்பதால் இடுப்பும் 34 என்று எண்ணிவிடாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேன்ட் எதையும் சொல்லாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், இவை நம் மக்களுக்கான எல்லைக்கோடுகள். குழந்தைகளுக்கு இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். 140 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 70ஐத் தாண்டக் கூடாது. ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிறு மட்டும் முன்னால் நிற்பது நம்மிடையே அதிகம். எடை இயந்திரம் அவர்களை ஏமாற்றிவிடும், டேப் ஏமாற்றாது.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் எடுக்காமல் பார்க்கும் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை பார்டர். 126 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய், இதை மறுமுறை பார்த்து உறுதிசெய்வார்கள். மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5 அல்லது அதற்கு மேல் நோய். ஒரு எச்சரிக்கை: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இந்தச் சராசரி கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பதே நம்பகமானது. அதில் 140 முதல் 199 வரை பார்டர். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பு அளவையும் சேர்த்தே பாருங்கள். ஆய்வகங்கள் விற்கும் "தோல் பொலிவுத் தொகுப்பு", விலை கூடிய இன்சுலின் அளவுப் பரிசோதனை எல்லாம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. பணம் இல்லை என்பதும் தடையல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையை இலவசமாகப் பார்க்கலாம்.

இளம்பெண்களுக்கு ஒரு கேள்வி கூடுதலாக உண்டு. மாதவிடாய் 35 நாளைத் தாண்டித் தள்ளிப்போகிறதா? தாடையோரம் பருவும் மோவாயில் முடியும் வருகிறதா? கழுத்துக் கருமையும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்க வாய்ப்புண்டு. பருவுக்கு ஒரு களிம்பு, முடிக்கு லேசர், கழுத்துக்கு பிளீச் என்று தனித்தனியாகச் செலவழிக்கிறார்கள். மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கோளாறு.

சாப்பாட்டில் மாற்றம் என்றதும் பலர் சோற்றையே விட்டுவிட்டு மூன்றாம் வாரம் முறித்துக்கொள்கிறார்கள். அப்படி வேண்டாம். ஒரு கோப்பை, அதாவது 150 கிராம் வடித்த சோற்றில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மதியம் மூன்று கோப்பை சாப்பிடுகிறவர் ஒன்றரைக்கு இறங்கி, அந்த இடத்தைப் பொரியல், கூட்டு, கீரையால் நிரப்பினால் வயிறு காயாது. காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பார், கூட ஒரு கோப்பை சுண்டலோ இரண்டு முட்டையோ. கம்பும் கேழ்வரகும் நல்லவைதான். ஆனால் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அவையும் வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். களியாகவோ அடையாகவோ மென்று தின்னுங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இன்சுலினுக்குச் சர்க்கரைதான். இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ நாளுக்கு நாலு என்றால் அதிலேயே சுமார் 40 கிராம் ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுதுக்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. ஒரேயடியாக நிறுத்தினால் டீ கசக்கும். வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்தால் இரண்டு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

சாப்பிட்ட அரை மணிக்குள் 10 முதல் 15 நிமிடம் நடப்பது, ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் இழுத்துவிடும். மொட்டைமாடியோ வராந்தாவோ போதும். நடையோடு நிற்காமல், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது 10 முறை, கொஞ்சம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. முழங்கால் வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம்.

தூக்கத்தை யாரும் தோலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 1999ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. ஒரே வாரத்தில். இரவு ஒரு மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டு ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மன அழுத்தமும் அதே பாதையில்தான் வேலை செய்கிறது. கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறினால் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டும், இன்சுலின் மேலும் ஏறும். பருவும் கரப்பானும் தேர்வுக் காலத்தில் பொங்குவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதிகக் குறட்டை விடுகிறவர்கள், பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகுகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கும் இந்தக் கருமைக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே.

எவ்வளவு எடை குறைய வேண்டும்? இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே இன்சுலின் இறங்கத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு இது நாலு முதல் ஐந்தரை கிலோ. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், பார்டரில் இருந்தவர்கள் மருந்தில்லாமல் உணவையும் உடலுழைப்பையும் மட்டும் மாற்றியபோது சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. சிலருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தோழி சாப்பிடுகிறாள் என்று வாங்கிப் போட வேண்டாம்.

பலர் தோற்றுப்போவது ஓர் இடத்தில்தான். முதல் மாதம் மூன்று கிலோ குறையும், கழுத்தில் ஒன்றும் மாறியிருக்காது. மனம் விட்டுப்போய் மறுபடியும் களிம்பைத் தேடுவார்கள். தடித்த தோல் உதிர்ந்து புதுத்தோல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் இன்சுலின் இறங்கிய பிறகு. முதலில் மாறுவது நிறமல்ல, தடிப்பு. விரலால் வருடினால் மென்மை கூடியிருப்பது தெரியும். மடிப்புக் கோடுகள் ஆழம் குறையும். பிறகே நிறம் வெளிறும், அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். கண்ணாடியில் தினம் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில், பின்கழுத்தை யாரையாவது படம் எடுக்கச் சொல்லி முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள். சிலருக்கு முழுவதும் போகாது. ஆனால் இடுப்பு 6 சென்டிமீட்டர் குறைந்திருந்தால், மிச்சமிருக்கும் கருமையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கூடவே வெளிப்பூச்சும் பயன்படுத்தலாம், துணையாக. குளித்துத் துவட்டிய ஈரத்தோடு யூரியா 10 சதவீதம் கலந்த களிம்பைத் தடவுவது எளிய தொடக்கம். வைட்டமின் ஏ வகைக் களிம்புகளான அடாபலீன் 0.1 சதவீதம் அல்லது டிரெட்டினாயின் 0.025 சதவீதத்தை மருத்துவர் எழுதித் தந்தால், இரவில் மட்டும், முழுக் கழுத்துக்கும் பட்டாணி அளவு, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். "சீக்கிரம் போகட்டும்" என்று அள்ளிப் பூசுவதே வழக்கமான தவறு. தோல் உரிந்து எரிந்து, ஆறும்போது மேலும் கறுக்கும். எரிந்தால் மூன்று நாள் நிறுத்தி, ஈரப்பதக் களிம்பு மட்டும் போட்டு, பிறகு வாரம் இரண்டு முறையாகத் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் அடாபலீன், டிரெட்டினாயின் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

எல்லாக் கழுத்துக் கருமையும் சர்க்கரையால் வருவதில்லை. தலைச்சாயம் வடிந்த கோட்டில், கவரிங் சங்கிலி படும் வட்டத்தில், வாசனை ஸ்பிரே அடிக்கும் இடத்தில் அரிப்போடு வரும் கருமை ஒவ்வாமையாக இருக்கலாம். அந்தப் பொருளை நிறுத்துவதே மருந்து. ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நடுவயதைத் தாண்டியவர், எடை கூடாதவர், ஏன் எடை குறைந்துகொண்டே வருகிறவர், அவருக்குச் சில வாரங்களில் திடீரென்று இந்தத் தடிப்பு தோன்றி வேகமாகப் பரவினால், உதட்டிலும் உள்ளங்கையிலும் தோல் சொரசொரத்துத் தடித்தால், உள்ளே புற்றுநோய், குறிப்பாக இரைப்பைப் புற்றுநோய் இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

கடைசியாக, எங்களை மிகவும் வருத்துவது பிள்ளைகளின் நிலை. பத்து வயதுச் சிறுமியின் பின்கழுத்தைத் தாய் துண்டால் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கட்ட வைக்கிறார். வகுப்பில் "குளிக்க மாட்டாயா?" என்று கேட்கிறார்கள். அந்தக் குழந்தை கோடையிலும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொள்கிறது, விளையாட்டு வகுப்புக்கு வரமாட்டேன் என்கிறது. விளையாட்டை விட்டால் எடை கூடும், கருமையும் கூடும். பிறவியிலேயே வந்த கறுப்பு நிறம் நோயல்ல, அதற்கு வைத்தியமும் தேவையில்லை. இந்தத் தடிப்பு ஒரு பிள்ளைக்கு இருந்தால், ஆசிரியர்கள் அதைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசாமல் பெற்றோரைத் தனியே அழைத்து, "சர்க்கரை பரிசோதித்துப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அழகு நிலையம் நடத்தும் சகோதரிகளும், பிளீச் கேட்டு வருகிறவர்களிடம் இதே வாக்கியத்தைச் சொல்லலாம். ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை கழுத்துக் கருமைக்கான அழகுக் குறிப்பு அச்சுக்கு வரும்போது, எலுமிச்சையை எடுத்துவிட்டு, இடுப்பளவின் எல்லைகளான 90, 80 என்ற இரண்டு எண்களை அந்த இடத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தோல் மற்றும் சர்க்கரை நோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்கள் சிலர்,
மதுரை.